கண்ணுக்கு உயிர்ச்சத்து சி: போத்தலிலா, தட்டிலா?



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் பெற்றோர் சிலர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "டீச்சர், பிள்ளைக்கு வெண்பலகை எழுத்து சரியாத் தெரியலையாம். வைட்டமின் சி மாத்திரை குடுத்தா கண்ணு தெளியுமா?" விசாரித்தால், இக்கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நேரடி விற்பனை முகவர் இருப்பார். வீடு தேடி வந்து, ஒரு போத்தலை மேசைமேல் வைத்து, 'கண்ணுக்கு நல்லது' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி அந்தப் போத்தலுக்குப் போய்விடும்.

தெளியாது என்பதே நேரான பதில். நம் மாணவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது கிட்டப்பார்வை. விழிக்கோளம் சற்றே நீண்டுவிடுவதால், தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையை அடையும் முன்னரே குவிந்துவிடுகின்றது. அதனால் எழுத்து மங்குகின்றது. இது கண்ணின் வடிவில் நேர்ந்த மாற்றம். எந்த உயிர்ச்சத்தும் நீண்ட விழியைச் சுருக்காது. அம்மாணவனுக்குத் தேவை கண் பரிசோதனை. அதன்பின் மூக்குக் கண்ணாடி. மாத்திரையை நம்பி ஆறு மாதம் காத்திருந்தால், ஆறு மாதப் பாடம் அவன் கண்ணுக்கு எட்டாமலே போய்விடும். பாவம், பிள்ளை சோம்பேறி என்று பெயர் வாங்குவதுதான் மிச்சம்.

அப்படியானால் உயிர்ச்சத்து சிக்கும் கண்ணுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு; மிக நெருங்கிய தொடர்பு. கண்ணின் முன்னறையில் உள்ள நீர்மத்தில் இச்சத்து, குருதியில் இருப்பதைக் காட்டிலும் ஏறத்தாழ இருபது மடங்கு செறிந்திருக்கின்றது. கண்வில்லையிலும் அது மிகுதி. பகலில் நடமாடும் விலங்குகளின் கண்ணில் இச்சத்து கூடுதலாகவும், இரவில் நடமாடும் விலங்குகளின் கண்ணில் குறைவாகவும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். வெயிலின் புறஊதாக் கதிரால் கண்வில்லையின் புரதங்கள் கெட்டுவிடாமல் காப்பதில் இச்சத்துக்குப் பங்குண்டு என்பது இதிலிருந்து புலப்படும். அப்புரதங்கள் கெட்டு வில்லை மங்குவதையே கண்புரை என்கிறோம்.

இங்கேதான் நம் தோட்டப்புறம் நினைவுக்கு வருகின்றது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்ட காலந்தொட்டு, தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் இம்மலைச் சரிவுகளில் நாள் முழுதும் திறந்த வெளியில் கொழுந்து பறித்தவர்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். குளிராக இருப்பதால் வெயில் உறைப்பதில்லை; கண்ணுக்கோ அது உறைத்துக்கொண்டுதான் இருக்கும். கொழுந்து பறிக்கும் வேலையில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களே மிகுதி என்றாலும், ஓய்வு பெற்ற நம் பாட்டிமார் இன்னும் இம்மலையில்தான் இருக்கின்றனர்.

தமிழர்களிடையே நடந்த ஓர் ஆய்வைக் குறிப்பிட விரும்புகிறேன். வட இந்தியாவிலும், தெற்கே புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை வழியாகச் சுற்றுவட்டாரத்திலும் 60 வயதைக் கடந்த 5,600க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தார்கள். 2011இல் முடிவுகள் வெளிவந்தன. குருதியில் உயிர்ச்சத்து சி குறைந்தவர்களிடம் கண்புரை மிகுந்திருந்தது. தென்பகுதியில் ஏறக்குறைய பாதிப்பேருக்கும், வடபகுதியில் நான்கில் மூவருக்கும் இச்சத்துக் குறைபாடு! விறகடுப்புப் புகையும் புகையிலைப் பழக்கமும் குறைபாட்டோடு சேர்ந்தே காணப்பட்டன. லயத்து வீடுகளில் விறகடுப்பை ஊதிச் சமைத்து, வெற்றிலையோடு புகையிலையும் போட்ட தலைமுறையை நாம் நன்கறிவோம் அல்லவா?

உடனே, 'அப்படியானால் மாத்திரை வாங்கலாமே' என்பீர்கள். பொறுங்கள். 2016இல் பிரித்தானியாவில் 324 இணை இரட்டைச் சகோதரிகளை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. உணவின் வழி உயிர்ச்சத்து சி மிகுதியாகப் பெற்றவர்களுக்குப் பத்தாண்டுகளில் கண்புரை முற்றும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மாத்திரையால் அத்தகைய பயன் தென்படவில்லை. சுவீடனில் 2010இல் வெளிவந்த ஆய்விலோ, அதிக அளவு உயிர்ச்சத்து சி மாத்திரை உட்கொண்ட பெண்களிடம் கண்புரை சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டது. முகவர்கள் மேற்கோள் காட்டும் 2001ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு, 55 வயதுக்கு மேற்பட்டோரின் விழித்திரை மையச் சிதைவைப் பற்றியது. அதில் கொடுத்தது உயிர்ச்சத்து சியை மட்டுமன்று; உயிர்ச்சத்து இ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், செம்பு ஆகியவற்றையும் சேர்த்தே கொடுத்தார்கள். நோய் ஏற்கெனவே ஓரளவு வளர்ந்தவர்களுக்குத்தான் பயன் கிட்டியது. அதே ஆய்வில் கண்புரைக்கு அக்கலவையால் பயனில்லை என்பதையும் கண்டார்கள். இந்தப் பகுதியை எந்த முகவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 35 மில்லிகிராம் போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கின்றது. பப்பாளியிலும் ஸ்ட்ராபெரியிலும் ஏறத்தாழ 60; சிவப்புக் குடைமிளகாயில் 100க்கும் மேல். 1,000 மில்லிகிராம் மாத்திரையை விழுங்கினால் உடல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைச் சிறுநீரில் தள்ளிவிடும். காசும் அவ்வழியே போகும்.

எனக்கு மனத்தை உறுத்துவது வேறொன்று. நாடு முழுதும் காய்கறி அனுப்பும் மலை இது. முட்டைக்கோசும் தக்காளியும் குடைமிளகாயும் லோரி லோரியாக இறங்குகின்றன. ஸ்ட்ராபெரியைப் பறித்துச் சுவைக்கவே சுற்றுப்பயணிகள் மேலே ஏறி வருகின்றனர். நம் மாணவர்களின் உணவுப் பெட்டியைத் திறந்தால் உடனடி மீயும் வறுத்த நகெட்டும்! தேநீர் இருக்கின்றதே என்று சிலர் கேட்கலாம். பச்சைக் கொழுந்தில் உயிர்ச்சத்து சி உண்டு. ஆனால், ஆலையில் கருந்தேயிலையாகும்போதே அது ஏறக்குறைய அழிந்துவிடுகின்றது.

ஆகவே, பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் நாள்தோறும் ஒரு துண்டு கொய்யாவோ பப்பாளியோ விற்கப்பட வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். வீட்டில் முட்டைக்கோசை நெடுநேரம் வேகவைத்து நீரைக் கொட்டிவிடாதீர்கள். சத்து அந்நீரோடு போய்விடும். தக்காளியைப் பச்சையாக நறுக்கிக் கொடுக்கலாம். தோட்டத்து வேலைக்குப் போகிறவர் யாராயினும் அகன்ற விளிம்புத் தொப்பி அணியட்டும். மாலைக்கண் என்றால் அது உயிர்ச்சத்து ஏ குறைபாடாக இருக்கலாம். அதற்குச் சி உதவாது, மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும்.

ஆசிரியர்களே, வகுப்பில் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் மாணவனை முதல் வரிசைக்கு மாற்றியதோடு நிறுத்திவிடாமல், அன்றே அவன் பெற்றோருக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்புங்கள். பெற்றோர்களே, வீட்டில் பாட்டிக்குக் கண்புரை முற்றியிருந்தால் இனிக் கொய்யாவும் அதைக் கரைக்காது. அதற்கு அறுவை சிகிச்சை ஒன்றே வழி. போத்தலுக்கு வைத்திருக்கும் பணத்தை மலையிறங்கும் வண்டிச் செலவுக்கு ஒதுக்கி, ஒருநாள் விடுப்பு எடுத்து, அரசு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள்.