அந்தக் கூடு யாருக்காக?

ஹாம்ஸ்டர் வாங்கப் போனால் கடைக்காரர் அதோடு ஒரு கூட்டையும் காட்டுவார். நீலமோ ரோஸோ நிறத்தில் பிளாஸ்டிக் தட்டு, சுற்றிவரக் கம்பி, ஏற ஒரு குட்டி ஏணி, உள்ளங்கை அளவில் ஒரு சக்கரம். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மரத்தூள். பார்க்க வடிவாத்தான் இருக்கும். என்னைக் கேட்டால், அது நாங்கள் பார்த்து ரசிக்கச் செய்த கூடு. உள்ளே இருக்கப்போகிற உயிரை யாரும் கேட்டுச் செய்யவில்லை.

கடைகளில் அதிகம் காணும் சிரிய ஹாம்ஸ்டரின் சொந்த இடம் அலெப்போவைச் சுற்றியுள்ள நிலம். 1930இல் விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி அங்கே ஒரு வயலைத் தோண்டுவித்துத் தாயையும் குட்டிகளையும் பிடித்தார். இன்று வீடுகளில் வளருகிற சிரிய ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த ஒரு குடும்பத்தின் வழிவந்தவைதான். தோண்டித்தான் பிடிக்க வேண்டியிருந்தது எண்டதைக் கவனியுங்கோ. அரை மீற்றருக்கும் ஆழமாக வளை தோண்டி, அதுக்குள் தனியாக வாழுகிற பிராணி அது.

2006இல் சுவிற்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிரிய ஹாம்ஸ்டர்களை 10, 40, 80 சென்ரிமீற்றர் ஆழப் படுக்கைகளில் வளர்த்துப் பார்த்தார்கள். 10 சென்ரிமீற்றரில் இருந்தவை மற்றவற்றைவிட அதிகமாகக் கம்பியைக் கடித்தன. 80இல் கம்பி கடித்ததைக் காணவே இல்லை. இப்ப சொல்லுங்கோ, கம்பியைக் கடிக்கிற ஹாம்ஸ்டரை வீடியோ எடுத்து, சிரிப்புப் பாட்டுப் போட்டுப் பகிர்கிறோமே, அதில் சிரிக்க என்ன இருக்கு?

"இவ்வளவு சின்னனுக்கு எவ்வளவு இடம் வேணும்?" எண்டு கேட்பீர்கள். குறைந்தது ஒரு மீற்றர் நீளம், அரை மீற்றர் அகலம் வேணும் எண்டு ஜேர்மனியின் விலங்குநலக் கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். மாடி மாடியாக உயர்ந்த கூடு இதுக்கு ஈடாகாது, விழுந்தால் கால் முறியும். பெரிய கூடு எண்டதும் பெரிய செலவு எண்டு பயப்படத் தேவையில்லை. மீன் வளர்த்துக் கைவிட்ட பழைய கண்ணாடித் தொட்டி எங்கட ஊரில் எத்தனையோ வீட்டுக் கோடியில் கிடக்கும். அந்த அளவில் ஒன்று கிடைத்தால் கழுவிக் காயவைத்து, மேலே கம்பிவலை மூடி போட்டால் சரி. அச்சடிக்காத கடதாசியைக் கிழித்து, காய்ந்த புல்லும் கலந்து ஒரு அடி உயரத்துக்காவது அமத்தி நிரப்புங்கோ. புல் கலந்தால் சுரங்கம் இடியாது. சக்கரம் 28 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், கம்பி இடைவெளி இல்லாததாக இருக்கட்டும். சின்னச் சக்கரத்தில் முதுகை வளைச்சுத்தான் ஓட வேண்டி வரும்.

பராமரிப்பிலும் எங்கட பழக்கம் ஒன்றை மாற்ற வேணும். கிழமைக்கு ஒருக்கா எல்லாத்தையும் கொட்டிக் கழுவுவதைத் துப்பரவு எண்டு நினைக்கிறோம். அதுக்கோ தன் மணம்தான் வீட்டின் அடையாளம். சிறுநீர் கழிக்கிற மூலையை மட்டும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருக்கா அள்ளுங்கோ. படுக்கையை மாற்றும்போது பழையதில் பாதியையாவது விட்டுவையுங்கோ. ஒளித்து வைத்த மரக்கறித் துண்டுகளை அழுகமுதல் எடுங்கோ.

பிறகு எங்கட வெயில். 30 பாகையைத் தாண்டினால் அதுக்குக் கஷ்டம். யன்னலோரம் வைக்காதீர்கள். வீட்டில் குளிர்ச்சியான மூலையைக் கண்டுபிடித்து, படுக்க ஒரு ஓட்டுத் துண்டோ ரைல்ஸ் துண்டோ வையுங்கோ. எறும்புக்கு மருந்து அடிக்க வேண்டாம், பக்கத்தில் நுளம்புச் சுருளும் வேண்டாம். சாப்பாட்டு அலுமாரிக் காலுக்குக் கீழே அம்மம்மாமார் தண்ணிக் கிண்ணம் வைப்பார்களே, கூட்டு மேசைக்கும் அதே வைத்தியம்தான். தண்ணியை மட்டும் அடிக்கடி மாற்றுங்கோ, டெங்கு நுளம்பு பெருகிவிடும்.

கடையில் "சோடியா எடுங்கோ, தனிய இருந்தா பாவம்" எண்டு சொன்னால் நம்பாதீர்கள். வளர்ந்த சிரிய ஹாம்ஸ்டர் இரண்டை ஒன்றாக விட்டால் கடிபட்டுச் சாகவும் கூடும். ஆணும் பெண்ணும் எண்டால் 16 நாளில் குட்டி. அந்தக் குட்டிகளுக்கு யார் கூடு தேடுவது?

விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் எங்கட நாட்டுக் கட்டளைச் சட்டம் 1907இல் வந்தது. கூட்டின் நீள அகலத்தை அது வந்து அளக்கப் போவதில்லை, கடைக்காரரும் அளக்கப் போவதில்லை. வாங்குகிற நாங்கள்தான் அளக்க வேணும். ஆகவே முதலில் கூட்டைத் தயார் செய்யுங்கோ, பிறகு கடைக்குப் போங்கோ. ஒரு மீற்றர் இடம் வீட்டில் இல்லையா? அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வாங்காமல் விடுங்கோ. அது வாழப்போவது இரண்டு, மிஞ்சினால் மூன்று வருசம். அதையும் கம்பியைக் கடித்தே கழிக்க வைக்க எங்களுக்கு என்ன உரிமை?