செவியே தராசு

தீபாவளிப் போனஸ் கைக்கு வந்ததும், நல்ல பாட்டுப் பெட்டி ஒன்று வாங்கலாமா என்ற பேச்சு நம் இல்லங்களில் எழுகிறது. எழுவதில் தவறில்லை. மகனோடு பெங்களூருக்கு வந்து நான்கு சுவர்களுக்குள் பகற்பொழுதைக் கழிக்கும் முதியோருக்குப் பாட்டே ஊர்த்துணை. ஆயினும் உயர்தர ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் பல மாதச் சேமிப்பை ஒரே நாளில் விழுங்குவன. ஆதலின் சில சொல்ல விழைகிறோம்.

ஒலிபெருக்கி பரவாத நாளில், கடைசி வரிசைக்கும் வயலின் எட்டவேண்டும் என்று கருதி, ஏழு தந்தி வயலினை வகுத்தவர் மைசூர் சௌடையா. அவர் நினைவாக வயலின் வடிவிலேயே அமைந்த மண்டபம் 1980இல் மல்லேசுவரத்தில் எழுந்தது. இன்று உரக்க ஒலிப்பது அரிதன்று. உள்ளபடி ஒலிப்பதே அரிது. கடையில் நாம் தேடவேண்டியதும் அதுவே.

இரண்டு கருவிகளுள் சற்றே உரக்கப் பாடுவதைச் செவி உயர்ந்தது என்று ஏற்றுக்கொள்ளும். ஆதலால் இரண்டையும் ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள். ஒலியளவு காட்டும் செயலி கைப்பேசியிலேயே கிடைக்கிறது. கண்ணும் ஏமாற்றும். 1994இல் அமெரிக்காவில் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்னும் ஒலியியல் அறிஞர் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் பெரியவற்றுக்கு மதிப்பெண்ணைக் கூட்டினர். சிறிய மலிவுப் பெட்டிக்குக் குறைத்தனர். திரைக்குப் பின் வைத்தபோது அந்த வேற்றுமை சுருங்கிவிட்டது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கேட்பது நன்று.

கடைக்காரர் போடும் பாட்டைக் கொண்டு முடிவு செய்யற்க. பல்லாண்டு பழகிய பாட்டுகளை நீங்களே கொண்டு செல்லுங்கள். தம்பூராவின் ஜீவா இழையும் ரீங்காரம் தனித்து நிற்கிறதா? மிருதங்கத்தின் தொப்பி கும்மென்று எழுந்து உடனே அடங்குகிறதா, அன்றி வெறும் முழக்கமாக இழுபடுகிறதா? பாடகியின் ழகரமும் ளகரமும் வேறுவேறாக விளங்குகின்றனவா? கல்யாண வீட்டில் ஒலிபெருக்கியின்றி நாகசுரம் கேட்டவருக்கு அளவுகோல் ஏற்கெனவே மனத்தில் உண்டு. அரைமணி நேரமாவது கேளுங்கள். தொடக்கத்தில் பளிச்சென்று இனிப்பது பிறகு செவியைக் களைக்கச் செய்வதுண்டு. வயது ஏற ஏற மேல்சுர அலைகள் செவிக்கு எட்டுவது குறையுமாதலால் குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

வாட் என்னும் எண்ணைக் கண்டு மயங்கவேண்டா. 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. இருமடங்கு உரக்கக் கேட்க ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கருக்கு 50 வாட் செய்யும் பணியை, 87 டெசிபெல் தருவதற்கு 100 வாட்டே செய்யும். ஸ்பீக்கர் 4 ஓம் எனில், ஆம்ப்ளிஃபையர் அதைத் தாங்குமா என்று கேட்டறிக. ஸ்பீக்கர்களுக்குள் உள்ள வேறுபாடு, நன்கு செய்த ஆம்ப்ளிஃபையர்களுக்குள் உள்ளதைவிடப் பெரிது. ஆகவே பணத்தின் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கே போகட்டும்.

கடை அறை வேறு, நம் கூடம் வேறு. வழவழப்பான தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அடுக்கக வீட்டில் ஒலி எதிரொலித்துக் கலங்கும். தரையில் ஒரு பவானி ஜமக்காளமும் சன்னலுக்குக் கனத்த திரையும் இட்டாலே பாதி குறை தீரும். ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் ஒடுக்கினால் கீழ்சுரம் வீங்கும். சற்று முன்னே நகர்த்தி வையுங்கள். இரு ஸ்பீக்கரும் நீங்கள் அமரும் இடமும் ஒரு முக்கோணமாக அமையட்டும். வீட்டில் வைத்துக் கேட்டுப் பிடிக்காவிடின் திரும்பப் பெறுவார்களா என்பதைப் பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எஸ்.பி. சாலைக்குப் போனாலும் பெருங்கடைக்குப் போனாலும் முதல் நாளே வாங்கிவிடாதீர்கள். ஓர் இரவு உறங்கி, மறுநாள் மீண்டும் கேளுங்கள். கேட்க வேண்டியவர் பாட்டியார் எனில், முடிவையும் அவர் செவிக்கே விடுங்கள்.