பட்டாசு தீக்காயம் தோலில்தானே... குடலுக்கு ஏன் ஆபத்து?

சிவகாசி, சாத்தூர் பக்கம் வெடி விபத்து என்றால் செய்தி ஒரே மாதிரிதான் வரும்: உராய்வு, தீ, இத்தனை பேர் பலி, படுகாயமடைந்தவர்கள் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு மாற்றம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் இறந்தபோதும் அப்படித்தான். வார்டுக்குள் அப்புறம் நடப்பது செய்தியில் வராது.

உடம்பில் பெரும்பகுதி வெந்தவருக்கு, முடிந்தவரை முதல் 24 மணி நேரத்துக்குள் மூக்கு வழியாக டியூப் போட்டு திரவ உணவு ஆரம்பிக்கிறார்கள். ‘இந்த நிலைமையில சாப்பாடா?’ என்று வெளியே நிற்கும் சொந்தக்காரர்களுக்குத் தோன்றலாம். காரணம், குடல்.

சிறுகுடலின் உள்சுவர் 3 முதல் 5 நாட்களில் முழுசாகப் புதுசாகிவிடும். சுவரில் உள்ள நுண்ணிய குழிகளின் அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள்தான் இதைச் செய்கின்றன. ‘எல்ஜிஆர்5’ என்ற ஜீன் அவற்றில் இயங்குவதை வைத்து, 2007-ல் அவற்றை அடையாளம் காட்டியது நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு.

குடலில் எந்த செல்லை எடுத்தாலும் ஜீன்கள் ஒன்றேதான். எது ஆன், எது ஆஃப் என்பதில்தான் வித்தியாசம். குழியின் அடியில் அக்கம்பக்கத்து செல்கள் ‘வின்ட்’ என்ற சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது கிடைக்கும்வரை ஸ்டெம் செல் ஸ்டெம் செல்லாகவே நீடித்து, பிரிந்துகொண்டிருக்கும். புது செல் மேலே நகர நகர சிக்னல் குறையும். அப்போது ‘நாட்ச்’ என்ற இன்னொரு சிக்னல் இருந்தால் அது சத்தை உறிஞ்சும் செல்லாகும். இல்லாவிட்டால் ‘அடோ1’ ஜீன் ஆன் ஆகி, சளி போன்றவற்றைச் சுரக்கும் செல்லாகும்.

பெரிய தீக்காயத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்துவிடும். மிச்ச ரத்தத்தை உடம்பு இதயத்துக்கும் மூளைக்கும் திருப்பும், குடல் காயும். செல்கள் உதிரும் வேகத்துக்குப் புதுசு ஈடுகொடுக்க முடியாமல் சுவர் மெலியும். பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழைய அதுவே வாசல். தீக்காயக்காரர்களின் முன்சிறுகுடலில் புண் வருவதை லண்டன் சர்ஜன் தாமஸ் கர்லிங் 1842-லேயே எழுதிவைத்தார்.

குடல் செல்கள் தங்களுக்கான சத்தில் ஒரு பங்கை உள்ளே வரும் உணவிலிருந்து நேரடியாக எடுப்பவை. டியூப் அதற்குத்தான். ‘குளூட்டமின்’ பவுடர் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் தேறுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தது. சுமார் 1,200 நோயாளிகளிடம் சோதித்து 2022-ல் வந்த முடிவு, பலன் இல்லை என்பதுதான்.

டியூப்புக்கும் முந்தியது டிரிப்ஸ். முதல் நாள் திரவத்தில் பாதியை 8 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது ஆஸ்பத்திரி வாசலில் இல்லை, தீப்பட்ட நிமிடத்தில். சிவகாசியிலிருந்து மதுரை சுமார் 75 கி.மீ. ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே உள்ளூரில் ஊசி ஏற்றி டிரிப்ஸ் ஓடவிடுவது குடலையும் சேர்த்துக் காப்பாற்றத்தான்.