மூலமும் ஊகமும்

குமரி மாவட்டத்துத் திருநந்திக்கரையில், பாறையைக் குடைந்து அமைத்த சிவன் கோயில் ஒன்று உண்டு. அதன் சுவரோவியங்களில் இன்று எஞ்சி நிற்பவை மங்கிய கோடுகளும் வண்ணத் திட்டுகளுமே. இவற்றின் நிழற்படத்தைக் கணிப்பொறியில் இட்டு, இழந்த வண்ணங்களை ஊகித்துத் தீட்ட விழையும் இளைஞர், அப்படத்தின்மீதே தூரிகை ஓட்டுதல் தகாது. எத்துணை அழகு விளையினும் தகாது.

1994-இல் போட்டோஷாப் மென்பொருளில் அடுக்குமுறை புகுந்தது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போன்றது அது. மேலடுக்கைப் ‘பெருக்கல்’ முறையில் கலந்தால், அதிலுள்ள வெண்மை மறையும். ஏனைய வண்ணம் கீழுள்ளதை இருளச் செய்யுமேயன்றி வெளுக்கச் செய்யாது. ஆதலின் பண்டைக் கோடு புதுவண்ணத்தினூடே புலப்படும். ஊகம் பிழையெனின் மேலடுக்கை நீக்கிவிடலாம். அடுக்குகளை ஒன்றாக இணைத்துச் சேமித்துவிட்டாலோ, பண்டை ஓவியர் தீட்டியது எது, இளைஞர் தீட்டியது எது என்று அப்படத்தைப் பின்னர்க் காண்போர் பிரித்தறிய இயலாது.