பண்ணைக்குப் போகும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்!

"பி.எஸ்சி. படித்த பிள்ளை பண்ணையில் சாணி அள்ளுவதா?"

இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் கேட்கிறது.

மகனோ, மகளோ கல்லூரிப் படிப்பை முடிக்கிறார்கள். "ஆறு மாதம் ஓர் இயற்கைப் பண்ணையில் தங்கப் போகிறேன். அங்கே வேலை கற்றுக்கொள்வேன். பண்ணையைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு மண்ணைப் பற்றியும் மழையைப் பற்றியும் சொல்லிக் கொடுப்பேன்" என்கிறார்கள்.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அம்மா கண்ணைக் கசக்குகிறார். "இதற்காகவா கடன் வாங்கிப் படிக்க வைத்தோம்?" என்று கேட்கிறார்கள்.

பெற்றோரின் கவலையில் நியாயம் இருக்கிறது. படிப்புக்குக் கொட்டிய பணம் கொஞ்சம் அல்ல. வீட்டில் தங்கைக்குக் கல்யாணம் ஆகவேண்டும். வட்டி ஏறுகிறது. ஆனால், பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கோபப்படுவதற்கு முன், அது என்ன வேலை என்று பார்ப்போம்.

இது என்ன வேலை?

இதை 'இன்டர்ன்ஷிப்' என்கிறார்கள். பெயர்தான் புதிது. வழக்கம் நமக்குப் பழையது.

மோட்டார் பட்டறையில் ஒரு பையன் எடுபிடியாகச் சேருகிறான். முதலில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறான். பிறகு சக்கரம் கழற்றுகிறான். சில வருடங்களில் அவனே மெக்கானிக். கொத்தனாரும், தச்சரும், நெசவாளரும் இப்படித்தான் தொழில் கற்றார்கள். கூடவே இருந்து, கை வேலை செய்து, கற்றுக்கொள்வது. அதுதான் இது.

இயற்கைப் பண்ணையில் கற்றுக்கொள்பவருக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, விவசாயம். இன்னொன்று, பாடம் சொல்வது.

காலையில் மாட்டுக் கொட்டகையைச் சுத்தம் செய்யவேண்டும். சாணத்தையும் இலை தழையையும் மக்க வைக்கவேண்டும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் காட்டவேண்டும். தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற பசுந்தாள் உரப் பயிர்களை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழவேண்டும். வெயில் ஏறியதும் பள்ளிக்கூட பஸ் வரும். அதில் இருந்து நாற்பது பிள்ளைகள் இறங்குவார்கள். அப்போது அவர் உபாத்தியாயர் ஆகிவிடுவார்.

இரண்டு மண்ணாங்கட்டி

அங்கே என்ன பாடம் நடக்கும்? ஓர் உதாரணம் சொல்கிறோம்.

இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுக்கிறார்கள். காய்ந்த மண்ணாங்கட்டி இரண்டு கொண்டுவருகிறார்கள். ஒன்று, தொழு உரமே காணாத வயலில் இருந்து எடுத்தது. இன்னொன்று, பல வருடம் தொழு உரமும் தழை உரமும் போட்ட வயலில் இருந்து எடுத்தது. இரண்டையும் மெதுவாகத் தண்ணீரில் விடுகிறார்கள்.

முதல் கட்டி பொலபொலவென்று கரைகிறது. தண்ணீர் கலங்கிவிடுகிறது. இரண்டாவது கட்டி கரையாமல் அப்படியே நிற்கிறது.

என்ன காரணம்? மக்கிய பொருளும், மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் மண் துகள்களைப் பசை போல ஒட்டி வைக்கின்றன. அந்தப் பசை இல்லாத மண், மழை பெய்தால் ஆற்றோடு போய்விடும். பசை உள்ள மண், மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரிந்துவிடும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும்.

இன்னும் பல பாடங்கள் உண்டு. வைக்கோல் மூடாக்குப் போட்ட பாத்தியில் கையை விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். மேலே வெயில் கொளுத்தும். உள்ளே ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். வாழை இலையையும் பிளாஸ்டிக் பையையும் ஒரே குழியில் புதைப்பார்கள். சில மாதம் கழித்துத் தோண்டுவார்கள். இலை மண்ணாகி இருக்கும். பை, புதைத்தபடியே இருக்கும்.

பொறிவண்டு என்ற சின்னப் பூச்சியைக் காட்டுவார்கள். அது பயிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்னும். பூச்சிகளில் நமக்கு விரோதியும் உண்டு, சிநேகிதனும் உண்டு. கண்மூடித்தனமாக மருந்து அடித்தால் இரண்டும் சாகும். சிநேகிதன் திரும்பி வர நாளாகும். விரோதி சீக்கிரம் வந்துவிடுவான்.

புத்தகத்தில் இருக்கிறதே!

"இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறதே!" என்று சிலர் கேட்கலாம்.

உண்மைதான். சுற்றுச்சூழல் பாடத்தைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கட்டாயம் ஆக்கவேண்டும் என்று 1991-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. பாடம் வந்தது. பரீட்சையும் வந்தது. பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். மார்க்கும் வாங்கினார்கள்.

ஆனால், நீச்சலைப் புத்தகத்தில் படித்தவன் கிணற்றில் குதிக்க முடியுமா? மண்ணைத் தொடாமல் மண்ணைப் பற்றிப் படிப்பதும் அப்படித்தான்.

வெளிநாட்டில் இதை முன்பே உணர்ந்தார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 'ஹிடன் வில்லா' என்ற பண்ணை இருக்கிறது. பிராங்க் டுவெனெக், ஜோசபின் டுவெனெக் என்ற தம்பதி 1924-ம் ஆண்டில் அந்த நிலத்தை வாங்கினார்கள். 1970-ம் ஆண்டில் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்கைப் பாடம் தொடங்கியது. நகரத்துப் பிள்ளைகள் அங்கே வந்து மாட்டையும் கோழியையும் தோட்டத்தையும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். இளைஞர்கள் பண்ணையில் தங்கி வேலை கற்று, அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள்.

நம் நாட்டிலும் வழி காட்டியவர்கள் உண்டு.

தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938-ம் ஆண்டில் பிறந்தவர் நம்மாழ்வார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவர். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் சர்க்கார் வேலை பார்த்தார். வானம் பார்த்த பூமியில் பாடுபடும் ஏழை விவசாயிக்கு, விலை கொடுத்து வாங்கும் உரமும் மருந்தும் கட்டுப்படியாகவில்லை என்று கண்டார். வேலையை விட்டார். ஊர் ஊராக நடந்தார். விவசாயிகளோடு உட்கார்ந்து பேசினார். பிறகு கரூர் மாவட்டம் கடவூர் பக்கத்தில், வறண்ட நிலத்தில் 'வானகம்' என்ற பண்ணையை உருவாக்கினார். 2013-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி காலமானார். வானகத்தில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் பலர் ஊருக்குத் திரும்பி ஏர் பிடித்தார்கள்.

திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஆதிரெங்கம் என்ற ஊர் இருக்கிறது. 2006-ம் ஆண்டு முதல் 'நெல்' ஜெயராமன் அங்கே நெல் திருவிழா நடத்தினார். மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா போன்ற பழைய நெல் வகைகளை விவசாயிகளுக்குக் கொடுத்தார். அவர் போட்ட கணக்கு இதுதான்: 2 கிலோ விதை வாங்கிப் போ. விளைந்ததும் 4 கிலோவாகத் திருப்பிக் கொடு. விதைக்கு விலை கேட்கவில்லை. 2018-ம் ஆண்டில் அவர் மறைந்தார். மறைந்துபோக இருந்த நெல் வகைகள் பல விவசாயிகளின் கைக்கு வந்துவிட்டன.

அவசரம் ஆகாது

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும்.

இயற்கை விவசாயம் நல்லது என்றால், நாளைக் காலையிலேயே உரத்தை நிறுத்திவிடலாமா? கூடாது.

2021-ம் ஆண்டில் இலங்கையில் இப்படி நடந்தது. ரசாயன உர இறக்குமதிக்கு சர்க்கார் திடீரென்று தடை போட்டது. விவசாயிக்கு முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை. நாடு முழுவதற்கும் போதுமான இயற்கை உரமும் கையில் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது. தேயிலையும் குறைந்தது. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள்.

சிக்கிம் மாநிலம் வேறு வழியில் போனது. 2003-ம் ஆண்டில் முடிவு செய்தார்கள். உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2016-ம் ஆண்டு ஜனவரியில்தான் முழு இயற்கை விவசாய மாநிலம் என்று அறிவித்தார்கள். இதற்கு 13 ஆண்டு ஆயிற்று.

சிக்கிம் சின்ன மலை மாநிலம். இலங்கையோடு அதை எடை போட்டுப் பார்ப்பது முழுக்கச் சரியாகாது. ஆனாலும் ஒரு பாடம் தெளிவாகத் தெரிகிறது. சட்டம் போட்டால் மண் மாறாது. முதலில் மனிதனுக்குச் சொல்லித் தரவேண்டும். பிறகு மண்ணுக்கு நாள் கொடுக்கவேண்டும்.

சொல்லித் தருவதற்கு ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான், பண்ணைக்குப் போகிறேன் என்று உங்கள் வீட்டில் கேட்கும் பிள்ளை!

உண்மையைச் சொல்லுங்கள்

பண்ணைக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை.

ரசாயன உரம் எல்லாம் விஷம், அதைப் போடும் விவசாயி பாவி என்று பிள்ளைகளிடம் பேசாதீர்கள். 1960-களில் நம் நாட்டில் உணவுக்குத் தட்டுப்பாடு இருந்தது. அமெரிக்காவில் இருந்து கோதுமைக் கப்பல் வரவேண்டி இருந்தது. புதிய விதையும், உரமும், பாசனமும் அந்தப் பசியைத் தீர்த்தன. இது சரித்திரம். பிறகு அளவு மீறியது. மண் களைத்தது. நிலத்தடி நீர் கெட்டது. இதுவும் சரித்திரம். இரண்டையும் சொல்லுங்கள்.

உங்கள் முன்னால் உட்காரும் பிள்ளையின் அப்பா இன்றைக்கும் யூரியா போடுபவராக இருக்கலாம். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவை வெறுக்கக் கூடாது. அப்பாவிடம் அந்த இரண்டு மண்ணாங்கட்டி விஷயத்தைச் சொல்லவேண்டும். அது போதும். அப்பா யோசிப்பார்.

இயற்கைக்கு மாறும்போது முதல் சில ஆண்டுகள் விளைச்சல் குறையலாம். அதையும் மறைக்காதீர்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "தெரியாது, வா, இருவரும் பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

வெறும் கையோடு அனுப்பாதீர்கள்

பண்ணை நடத்துபவர்களுக்கும் சொல்லவேண்டியது இருக்கிறது.

பயிற்சி என்ற பெயரில் சிலர் கூலி இல்லாமல் வேலை வாங்கலாம். காலை முதல் இரவு வரை களை எடுக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டலாம். இது தர்மம் அல்ல. வசதி உள்ள வீட்டுப் பிள்ளை ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் இருக்கலாம். கூலிக்காரர் மகனால் முடியுமா? உதவித்தொகை இல்லாவிட்டால், இந்தப் பயிற்சி பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்காக ஆகிவிடும். மண்ணை நன்றாக அறிந்த ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வாசல் மூடிவிடும்.

தொழிற்சாலையில் பயிற்சி பெறுகிறவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க 1961-ம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. பண்ணையில் பாடம் சொல்ல வருகிறவர்களுக்கு மட்டும் ஏன் வெறும் கை?

ஆகவே, பெற்றோர்களே! "போகாதே" என்று சொல்வதற்குப் பதிலாக, இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

சாப்பாடும் தங்கும் இடமும் உண்டா? மாதம் எவ்வளவு தருவார்கள்? பெண் பிள்ளைகளுக்குத் தனி இடமும் பாதுகாப்பும் இருக்கிறதா? பாம்பு கடித்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? சொல்லிக் கொடுக்கும் பெரியவர் யார்? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வயல் வேலை, எத்தனை மணி நேரம் படிப்பு?

முடிந்தால் நீங்களே ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். நல்ல பண்ணையாக இருந்தால், உங்களை வரவேற்று மோர் கொடுப்பார்கள். பதில் சொல்லத் தயங்கினால், வேறு பண்ணை தேடுங்கள்.

சர்க்கார் செய்யவேண்டியது

தமிழ்நாடு சர்க்கார் 2023-ம் ஆண்டில் இயற்கை விவசாயக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. வரவேற்கத்தக்கது. அந்தக் கொள்கை காகிதத்தோடு நிற்கக் கூடாது.

ஒவ்வொரு மாவட்டத்திலும் சில நல்ல இயற்கைப் பண்ணைகளைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அங்கே தங்கிப் பாடம் சொல்லும் இளைஞர்களுக்கு உதவித்தொகை கொடுக்கவேண்டும். சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் வருடத்தில் இரண்டு தடவையாவது பண்ணைக்குப் போக பஸ் வசதி செய்யவேண்டும். விதைப்புக்கு ஒரு தடவை. அறுப்புக்கு ஒரு தடவை. விதைத்ததை அறுப்பில் பார்க்கும் பிள்ளை, சோற்றைக் கீழே கொட்டத் தயங்கும்.

பள்ளி ஆசிரியர்களும் கூடப் போகவேண்டும். அவர்களும் மண்ணில் கை வைக்கவேண்டும்.

இந்த மண்ணை நாம் யாரும் உண்டாக்கவில்லை. முன்னோர் ஆண்டு அனுபவித்து, உயிரோடு விட்டுப் போனார்கள். அதை உயிரோடு அடுத்தவர் கையில் கொடுப்பது நம் கடமை. எப்படிக் கொடுப்பது என்று கற்றுக்கொள்ளவும், கற்றுக்கொடுக்கவும் இளைஞர்கள் தாமாகவே முன்வருகிறார்கள். அவர்களுக்கு வழி விடுவோம். வழிச் செலவும் கொடுப்போம்.