வாட்ஸைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்காதீர்கள்

வீட்டில் ஸ்பீக்கர் பெட்டி செய்யப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?"

வாட்ஸை விடுங்கள், டெசிபலைப் பாருங்கள். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்த சத்தம் அது. 85 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தரும் சத்தத்தை 88 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே தந்துவிடும். (கணக்கு வாத்தியார் புத்தி போகாது!)

என் ஓட்டு 3 அங்குல ஃபுல் ரேஞ்சுக்குத்தான். ட்வீட்டர், கிராஸ்ஓவர் இல்லாமலே கேட்கலாம். தவிலில் தொப்பிப் பக்கம் மட்டும் மெலிந்து வரும். வரட்டுமே! மார்கழித் தேரின்போது கீழ வீதியில் நின்று கேட்கும் மேளம் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது.

நேற்று, அம்மா பாடிய பழைய கேசட்டைப் போட்டேன். இரண்டு வரிக்கு நடுவே அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.