உழைப்பவருக்கும் ஒரு வகுப்பறை வேண்டும்

படிப்பு பிள்ளைப் பருவத்தோடு முடிந்துவிடும் காரியம் என்ற எண்ணம் எமது கிராமங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. "இந்த வயதிலே கொப்பியும் பேனையும் எதற்கு?" என்று கேட்பவர்கள் பலர். வைத்தியரும் ஆசிரியரும் தொழில் செய்துகொண்டே பயிற்சிக்கும் மேற்படிப்புக்கும் போகிறார்கள். அதைப் பெருமையாகப் பேசுகிறோம். கமக்காரர் போனால் மட்டும் அது ஏன் வெட்கமாகிறது? கமமும் ஒரு தொழில்தானே.

இடம்பெயர்ந்த எமக்கு இக்கேள்வி இன்னும் முக்கியமானது. கமத்தொழிலை நாம் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. தகப்பனுக்குப் பின்னால் வரம்பில் நடந்து படித்தோம். இடப்பெயர்வு அந்தப் படிப்பை இடையில் அறுத்துவிட்டது. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய பல குடும்பங்களுக்கு இருபது, இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னரே காணிகள் கட்டங்கட்டமாகக் கைக்கு வந்தன. அன்று இடுப்பில் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தை இன்று குடும்பஸ்தர். காணி உறுதி அவரிடம் இருக்கிறது. தோட்ட அனுபவம் இல்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின் பின் வன்னிக்குச் சென்றவர்களின் சிக்கல் வேறு. கிணற்று இறைப்பில், செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்த கைகள், குளத்து நீரில் நெல் செய்ய நேர்ந்தது. மண் மாறினால் அனுபவசாலியும் பாதி மாணவரே.

அப்படியானால் எப்படிப்பட்ட வகுப்பறை எமக்குத் தேவை? இந்தோனேசியா ஒரு வழியைக் காட்டியது. அங்கே கிருமிநாசினி கூடக் கூட நெல்லில் கபில நிறத் தத்தியும் கூடியது. தத்தியைத் தின்னும் சிலந்திகளையும் மருந்து கொன்றுவிட்டதே காரணம். 1986 இல் அரசு 57 வகைக் கிருமிநாசினிகளை நெல்லுக்குப் பாவிப்பதைத் தடைசெய்தது. 1989 இல் விவசாயிகளுக்கான வயற் பாடசாலைகள் தொடங்கின. இருபத்தைந்து பேரளவில் ஒரு குழு. வாரத்தில் ஒரு காலை. ஒரு போகம் முழுவதும். வயலே வகுப்பறை. பயிரைப் பார்த்து, பூச்சிகளை எண்ணி, கண்டதைப் பெரிய தாளில் வரைந்து, மருந்து தேவையா இல்லையா என்று அவர்களே கூடி முடிவெடுத்தார்கள். சிலந்தியையும் தத்தியையும் ஒரு கூட்டில் அடைத்து, எது எதைத் தின்கிறது என்று கண்ணால் கண்டார்கள். 1990 களில் இலங்கையிலும் இம்முறை நடைமுறைக்கு வந்தது. எழுத்து வாசனை குறைந்தவரும் இதில் பின்தங்க வேண்டியதில்லை.

கற்க அவகாசம் கொடாமல் மாறச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை 2021 இல் கண்டோம். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. போதிய சேதனப் பசளையும் இல்லை. எந்த மண்ணுக்கு எவ்வளவு, எப்போது இடுவது என்று கற்க ஒரு போகம்கூடத் தரப்படவில்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆயினும் அடுத்து வந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. சேதனப் பசளையை நாம் குறை கூறவில்லை. வர்த்தமானி அறிவித்தலால் கைப்பழக்கம் மாறிவிடாது என்றே கூறுகிறோம்.

ஆகவே, வகுப்பு நடத்த வருபவர்களிடம் நாம் சிலவற்றை உறுதியாகக் கேட்க வேண்டும். விதைப்பிலும் அறுவடையிலும் வகுப்பு வைக்கக்கூடாது. டென்மார்க்கில் 1844 இல் தொடங்கிய மக்கள் உயர்பள்ளிகள், வயல் வேலை குறைந்த குளிர்காலத்திலேயே கமக்கார இளைஞர்களை அழைத்தன. நாட்கூலிக்குப் போகிறவர் முழுநாளை இழக்க முடியாது, அரைநாள் போதும். குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் வரவேண்டுமானால், வகுப்பு கிராமத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆளும் வேண்டும். துண்டுப்பிரசுரங்கள் எமக்கு விளங்கும் தமிழில் இருக்க வேண்டும்.

காணியிழந்து மேசன் வேலை, தச்சு வேலை, உழவு இயந்திரத் திருத்தம் என்று பிழைப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. தேசிய தொழிற்தகைமை முறையில், முன்னர் பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு இருக்கிறது. முழுப் பாடநெறியையும் இருந்து படிக்கத் தேவையில்லை. தெரிந்ததைச் செய்து காட்ட வேண்டும். பல ஆண்டு உழைப்புக்கு ஒரு தாள் சாட்சி சொல்லுமானால், அதைப் பெறுவதில் தயக்கம் ஏன்?

வகுப்புக்குப் போகும் கமக்காரர் வெறுங்கையோடு போவதில்லை. மழைக்குறியும் விதைத் தெரிவும் அறிந்தே போகிறார். அதை மதிக்கத் தெரிந்தவரே எமக்கு ஆசிரியராகலாம். அடுத்த கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் பசளை, கடன் பற்றிப் பேசுவதோடு இதையும் பேசுவோம்: எமது வயலில், எமக்கு ஏற்ற நேரத்தில், ஒரு போகத்துக்கான வகுப்பு ஒன்று. விவசாயப் போதனாசிரியரிடம் அதை எழுத்திலே கேட்போம்.